காசநோய்க் கிருமிக்குள் ஓர் இரட்டை வேலைக்காரன்



சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்கிறவர்கள், குரோம்பேட்டையைத் தாண்டியதும் "தாம்பரம் சானடோரியம்" என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். நுரையீரல் நோயாளிகள் நல்ல காற்றும் ஓய்வும் பெற்று உடல் தேறுவதற்கான இடம் என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் நடத்திவந்த இல்லத்தில் 1917-இல் கணித மேதை ராமானுஜன் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். தாம்பரம் இல்லத்தை 1937-இல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஊர் மக்களின் வாயில் மட்டும் இன்னமும் சானடோரியம்தான்.

காசநோயாளிகளின் சிகிச்சைக்காக உதவுகிற நீங்கள் பல சமயங்களில் ஒரு கேள்வியைக் கேட்கிறீர்கள்: "இருமல் நின்றுவிட்டது, எடை கூடிவிட்டது, ஆள் வேலைக்கும் போகிறார். பிறகும் ஏன் மாதக் கணக்கில் மாத்திரை? அதுவும் ஏன் இத்தனை மாத்திரை?" மிகவும் நியாயமான கேள்வி. இதற்கான விடையில் ஒரு முக்கியமான பகுதி, காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் ஒரு சிறிய புரதத்தில் அடங்கியிருக்கிறது. அதன் பெயர் கேட்-ஜி. இரண்டு வேலைகள் செய்யும் அந்தப் புரதம், தன் வடிவத்தைச் சிறிது மாற்றிக்கொள்வதன் மூலமே ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்புகிறது. அதைப் புரிந்துகொண்டால், ஒரு நாள் மாத்திரையைக்கூட ஏன் விடக்கூடாது என்பதும் விளங்கும்.

காற்றும் ஓய்வும், பிறகு ஒரு மாத்திரை

சானடோரியம் தொடங்கிய காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, சத்துள்ள உணவு, பல மாத ஓய்வு, இவைதான் சிகிச்சை. சிலர் பிழைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் பாஸ் என்ற மருந்தும் வந்தன. 1952-இல் ஐசோனியசிட் வந்தது. ஐ.என்.எச். என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இந்தப் பொருளை வேதியியலாளர்கள் 1912-ஆம் ஆண்டிலேயே தயாரித்திருந்தார்கள். அது காசநோயைக் குணமாக்கும் என்று தெரிவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. விலை மலிவு, வாயால் விழுங்கினால் போதும், பலனும் பெரிது.

இந்த மாத்திரையை நம் நாட்டு ஏழை மக்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று ஆராய, 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முதல் ஆண்டுகளில் அதை வழிநடத்தினார். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும், மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் இல்லை, ஓய்வும் இல்லை, குடியிருப்பதோ நெருக்கடியான ஒற்றை அறையில். ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பகுதியினரும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு வீட்டில் வசித்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதே மையம் இன்னொன்றையும் கண்டறிந்தது. ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுத்தால் போதுமா, அல்லது பாஸ் மருந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்தபோதே பலன் மேலாக இருந்தது. தனி மாத்திரை பெற்றவர்கள் பலரிடத்தில், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கின. ஏன் அப்படி என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நுரை வராத கிருமி

காயத்தைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும்போது வெள்ளையாக நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், அந்தப் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. ஆக்சிஜன் குமிழிகளாக வெளியேறுவதே அந்த நுரை. நொதி என்பது உயிர்களின் உடலுக்குள் வேதி மாற்றங்களை விரைவாக நடத்திவைக்கும் புரதம்.

காசநோய்க் கிருமியிடமும் கேட்டலேஸ் உண்டு. அது கிருமிக்குக் கேடயம். ஏனென்றால் நம் உடலின் காவல் செல்கள் கிருமியை விழுங்கியவுடன் அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுப் பொருள்களைப் பாய்ச்சுகின்றன. கிருமி தன் நொதியைக் கொண்டு அந்த நச்சைத் தண்ணீராக்கித் தப்பித்துக்கொள்கிறது.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ட்னர் மிடில்புரூக் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். ஐசோனியசிட்டுக்கு அடங்காமல் போன கிருமிகளின் மேல் பெராக்சைடை ஊற்றினால், அவற்றில் பலவற்றில் நுரை வரவில்லை. அதாவது அந்தக் கிருமிகள் தங்கள் கேட்டலேஸை இழந்திருந்தன. மருந்திலிருந்து தப்பிய கிருமி ஏன் தன் கேடயத்தைத் தூக்கி எறிய வேண்டும்? மருந்துக்கும் கேடயத்துக்கும் என்ன சம்பந்தம்?

விடை 1992-இல் கிடைத்தது. யிங் ஜாங், ஸ்டூவர்ட் கோல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கேட்-ஜி என்ற மரபணுவைப் பிரித்தெடுத்து, ஐசோனியசிட் வேலை செய்வதற்கு அது அவசியம் என்று காட்டினார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிக்குள் அந்த மரபணுவை மீண்டும் செலுத்தியபோது மருந்து மறுபடியும் வேலை செய்தது.

உண்மை இதுதான்: நாம் விழுங்கும் ஐசோனியசிட், விழுங்கிய நிலையில் கிருமிக்கு நஞ்சே அல்ல. அது பூட்டிய பெட்டியில் இருக்கும் ஆயுதம் போன்றது. கிருமிக்குள் நுழைந்த பிறகு, கிருமியின் சொந்த நொதியாகிய கேட்-ஜிதான் அந்தப் பெட்டியைத் திறக்கிறது. திறந்ததும் மருந்து வீரியமான வடிவம் பெற்று, கிருமியின் மெழுகு போன்ற மேலுறையைக் கட்டும் வேறொரு நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. மேலுறை கட்ட முடியாமல் கிருமி அழிகிறது. நம் உடலின் செல்களில் கேட்-ஜி நொதியும் இல்லை, அத்தகைய மெழுகு உறையும் இல்லை. இந்த மாத்திரை கிருமியை மட்டும் குறிவைத்துத் தாக்குவதன் இரகசியம் இது.

ஆக, ஒரே நொதிக்கு இரண்டு வேலைகள். பெராக்சைடைத் தண்ணீராக்குவது ஒன்று. அதைக் கேட்டலேஸ் வேலை என்பார்கள். பெராக்சைடின் வேகத்தைப் பயன்படுத்தி வேறொரு பொருளை மாற்றியமைப்பது மற்றொன்று. அது பெராக்சிடேஸ் வேலை. முதல் வேலை கிருமியைக் காப்பாற்றுகிறது. ஐசோனியசிட் உள்ளே இருக்கும்போது இரண்டாவது வேலை கிருமியைக் கொல்லத் துணைபோகிறது.

வடிவமே வேலை

ஒரு புரதம் என்ன வேலை செய்யும் என்பதை அதன் வடிவமே தீர்மானிக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போல வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சரம். கேட்-ஜியின் சரத்தில் 740 மணிகள் இருக்கின்றன. அந்தச் சரம் தாறுமாறாகச் சுருண்டு கிடப்பதில்லை. குறிப்பிட்ட முறையில் மடிந்து, குறிப்பிட்ட உருவம் கொள்கிறது.

எப்படியெல்லாம் மடியலாம், எப்படியெல்லாம் மடிய முடியாது என்பதற்கு முதன்முதலில் வரைபடம் போட்டவர்கள் நம் சென்னைக்காரர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன், தம் மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அதை வெளியிட்டார். சரத்தின் ஒவ்வொரு மணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அது காட்டுகிறது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கேட்-ஜியின் உருவமும் அந்தச் சோதனைக்குத் தப்பியதல்ல.

காசநோய்க் கிருமியின் கேட்-ஜி உருவம் எக்ஸ்-கதிர் முறையில் 2004-இல் வெளியானது. அதன் நடுவே ஒரு குழி. அந்தக் குழிக்குள் இரும்பு அணுவைத் தாங்கிய ஹீம் என்ற தட்டையான பொருள் இருக்கிறது. நம் இரத்தத்துக்குச் செந்நிறம் தருவதும் இதே ஹீம்தான். வெளியிலிருந்து அந்தக் குழிக்குச் செல்ல ஒரு குறுகிய வழி. பெராக்சைடு அவ்வழியே உள்ளே வந்து இரும்பைத் தொடும்போது வேலை தொடங்குகிறது.

வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படியில், ஒரு பெராக்சைடு மூலக்கூறு தன்னிடமுள்ள ஓர் ஆக்சிஜன் அணுவை ஹீமிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிறது. ஹீம் இப்போது இழுத்துக் கட்டிய வில் போல நிற்கிறது. இரண்டாம் படியில் அந்த வில் தளர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். இன்னொரு பெராக்சைடு மூலக்கூறு வந்து தளர்த்தினால் அது கேட்டலேஸ் வேலை. ஐசோனியசிட் போன்ற வேறொரு பொருள் வந்து தளர்த்தினால் அது பெராக்சிடேஸ் வேலை. முதல் படி இரண்டுக்கும் பொது. வழி பிரிவது இரண்டாம் படியில்.

லீவர் ஓரிடத்தில், தண்டவாளம் வேறிடத்தில்

தாம்பரம் போன்ற பெரிய ரயில் நிலையத்தில் தண்டவாளங்கள் பிரியும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். அங்கே நகரும் இரும்புத் துண்டு சிறியது, நகரும் தூரமோ சில அங்குலம். ஆனால் அந்தச் சில அங்குலம்தான் வண்டி செங்கல்பட்டுக்குப் போகுமா, பணிமனைக்குப் போகுமா என்று தீர்மானிக்கிறது. பழைய நாட்களில் அதை நகர்த்தும் லீவர் தள்ளி ஒரு கேபினுக்குள் இருக்கும். அங்கே ஒருவர் லீவரை இழுத்தால் இங்கே பாதை மாறும்.

கேட்-ஜியிலும் அப்படியே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஹீமுக்கு அருகில் மெத்தியோனின், டைரோசின், டிரிப்டோஃபான் என்ற மூன்று அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. சரத்தில் இவை அடுத்தடுத்து இருப்பவை அல்ல. சரம் மடிந்து உருவம் கொண்ட பின்பே நெருங்கி வந்து பிணைகின்றன. இந்த முப்பிணைப்பு இல்லாவிட்டால் கேட்டலேஸ் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. பெராக்சிடேஸ் வேலையோ தொடர்ந்து நடக்கிறது. ஆகவே அடிப்படையில் பெராக்சிடேஸாக இருந்த நொதிக்கு, கேட்டலேஸ் வேலையைக் கூடுதலாகத் தருவது இந்தப் பிணைப்பே.

லீவரோ இதிலிருந்து தள்ளி இருக்கிறது. அது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். காசநோய்க் கிருமியின் கேட்-ஜியில் அதற்கு 418-ஆம் இடம். கனடாவிலும் ஸ்பெயினிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், இதே வகை நொதியை வேறொரு கிருமியிலிருந்து எடுத்து ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹீமிலிருந்து ஏறத்தாழ 2 நானோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஆர்ஜினின், இரண்டு நிலைகளுக்கிடையே ஊசலாடுகிறது. ஒரு நிலையில் முப்பிணைப்பில் உள்ள டைரோசினைக் கைபிடிக்கிறது. மற்ற நிலையில் கையை விட்டு விலகி நிற்கிறது. கைபிடிப்பதும் விடுவதும் முப்பிணைப்பு வழியாக ஹீமைப் போய்ச் சேர்கின்றன. ஒரு நிலை முதல் படிக்குத் துணை நிற்கிறது. மற்ற நிலை, இன்னொரு பெராக்சைடு வந்து வில்லைத் தளர்த்தும் இரண்டாம் படிக்குத் துணை நிற்கிறது. இந்த ஆர்ஜினினை எடுத்துவிட்டு வேறொரு அமினோ அமிலத்தை வைத்தால் கேட்டலேஸ் வேலை பெரிதும் குறைந்துபோகிறது, பெராக்சிடேஸ் வேலை பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை.

லீவரை இழுப்பது யார் என்று கேட்பீர்கள். சுற்றுப்புறத்தின் அமிலத்தன்மைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. புளிப்பு ஏற ஏற ஆர்ஜினின் கையை விட்டு விலகி நிற்பது அதிகமாகிறது. புளிப்பு அதிகமாக இருக்கும்போது பெராக்சிடேஸ் வேலையும், புளிப்பு குறைந்து நடுநிலையை நெருங்கும்போது கேட்டலேஸ் வேலையும் சிறப்பாக நடக்கின்றன. 740 மணிகள் கொண்ட உருவத்தில் ஒரேயொரு மணியின் ஒரு கிளை சற்றே சாய்கிறது, அவ்வளவுதான். நொதியின் குணமே மாறிவிடுகிறது.

315-ஆம் இடம்

இனி நமக்கு முக்கியமான பகுதிக்கு வருவோம். மருந்திலிருந்து தப்ப விரும்பும் கிருமிக்கு எளிய வழி, கேட்-ஜியையே தொலைத்துவிடுவது. மிடில்புரூக் கண்ட நுரை வராத கிருமிகள் செய்தது அதுவே. ஆனால் அதில் கிருமிக்கு நஷ்டம் உண்டு. காசநோய்க் கிருமியிடம் இருக்கும் ஒரே கேட்டலேஸ் இதுதான். அதை இழந்தால் நம் காவல் செல்களின் தாக்குதலுக்கு முன் கிருமி பலவீனமாகிறது. கேட்டலேஸ் இழந்த கிருமிகள் கினிப் பன்றிகளில் முன்போல் கடுமையான நோயை உண்டாக்கவில்லை என்பதையும் அந்த நாட்களிலேயே கண்டார்கள்.

ஆகவே உலகெங்கும் நோயாளிகளிடத்தில் பரவியிருப்பது வேறொரு தந்திரம். ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கேட்-ஜியின் 315-ஆம் இடத்தில் ஒரு மாற்றம் காணப்படுகிறது. அங்கே இருக்க வேண்டிய செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக, பெரும்பாலும் திரியோனின் என்ற அமினோ அமிலம் வந்து உட்காருகிறது. கிருமியின் மரபுப் புத்தகத்தில் உள்ள சுமார் 44 லட்சம் எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறினால் இது நடக்கும். செரினுக்கும் திரியோனினுக்கும் உள்ள வேற்றுமை ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே.

ஆனால் அந்த இடம் எது? குழிக்குச் செல்லும் குறுகிய வழியின் ஓரம். அங்கே கூடுதலாக வந்த சிறு அணுக்கூட்டம் வழியை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறுக்கிவிடுகிறது. பெராக்சைடு நான்கே அணுக்கள் கொண்டது. அது தாராளமாக நுழைந்துவிடும். ஐசோனியசிட்டோ 17 அணுக்கள் கொண்டது. அதற்கு வழி கிடைப்பதில்லை. வாசலில் ஒரு கல்லைப் போட்டு, பூனை நுழையலாம், ஆடு நுழையக்கூடாது என்று வைத்ததைப் போன்றது இது. கேடயம் அப்படியே இருக்கிறது. ஆயுதப் பெட்டியோ திறக்கப்படாமல் போகிறது. இந்த மாற்றம் பெற்ற கிருமிகள் நோய் உண்டாக்கும் ஆற்றலை இழக்காமல், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டே போகின்றன.

ஏன் நான்கு மருந்துகள், ஏன் ஆறு மாதம்?

இந்த ஓர் எழுத்து மாற்றத்தை மாத்திரை உண்டாக்குவதில்லை. கிருமிகள் பெருகும்போது தற்செயலாக எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. ஏறத்தாழ பத்து லட்சம் கிருமிகளில் ஒன்று ஐசோனியசிட்டுக்கு அடங்காததாகப் பிறக்கிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்காதது ஏறத்தாழ பத்து கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளியின் ஒரே குழியில் பத்து கோடி கிருமிகள் இருக்கக்கூடும். அப்படியானால் சிகிச்சை தொடங்கும் முன்பே அங்கே ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமிகள் சுமார் நூறு இருக்கின்றன.

இந்த நோயாளிக்கு ஐசோனியசிட் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? மற்ற கிருமிகள் மடியும். இருமல் குறையும், பசி எடுக்கும், முகம் தெளியும். அந்த நூறு மட்டும் போட்டியில்லாமல் பெருகும். சில மாதங்களில் குழி முழுவதும் அவற்றின் சந்ததியே. சேத்துப்பட்டில் தனி மாத்திரை பெற்றவர்களிடத்தில் நடந்தது இதுவே.

இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தாலோ, ஐசோனியசிட்டுக்கு அடங்காத நூறையும் ரிஃபாம்பிசின் கொன்றுவிடும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத ஒன்றை ஐசோனியசிட் கொன்றுவிடும். இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி அங்கே இருக்க ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. நான்கு மருந்துகள் சேர்ந்தால் காவல் இன்னும் பலம். ஆகவேதான் நம் நாட்டின் திட்டத்தில் முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் நாள்தோறும் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன.

மாதக் கணக்கு ஏன் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஐசோனியசிட் கிருமியின் மேலுறை கட்டும் வேலையைத் தடுக்கிறது என்று பார்த்தோம். வீடு கட்டுகிறவனிடம்தானே செங்கல் வண்டியை நிறுத்த முடியும்? காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. நன்றாகப் பெருகும் காலத்திலேயே ஒரு முறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. அவற்றில் சில, எதையும் கட்டாமல் உறங்கிக் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றாக விழிக்கும் வரை மருந்து காத்திருக்க வேண்டும். இருமல் நின்ற பிறகும் மாத்திரை தொடர்வது இந்த உறங்கும் கிருமிகளுக்காகத்தான். நடுவில் நிறுத்தினால் அவை எழுந்துவிடும். நான்கு மாத்திரைகளில் இரண்டை விழுங்கி இரண்டை விட்டாலோ, மேலே சொன்ன நூறு கிருமிகளுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும்.

சோதனை என்ன சொல்லுகிறது?

முன்பெல்லாம் ஒரு கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய, அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று சளியிலிருந்தே மரபணுவைப் படிக்கும் துரித சோதனைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் செய்யப்படும் துரித சோதனைகள் பெரும்பாலும் ரிஃபாம்பிசினுக்கான மாற்றத்தையே பார்க்கின்றன. ஐசோனியசிட்டைப் பற்றி அறிய எல்.பி.ஏ. போன்ற சோதனை தேவைப்படுகிறது. அந்தச் சோதனைத் தாளில் தோன்றும் கோடுகளில் ஒன்று, நாம் இதுவரை பேசிய 315-ஆம் இடத்தைத்தான் காட்டுகிறது.

மாற்றம் எந்த இடத்தில் என்பது சிகிச்சையையே மாற்றக்கூடியது. கேட்-ஜியில் அல்லாமல் மேலுறை கட்டும் நொதியின் மரபணுப் பக்கம் மாற்றம் நேர்ந்திருந்தால், ஐசோனியசிட்டின் அளவைக் கூட்டிக் கொடுத்துப் பயன் பெற வாய்ப்பு உண்டு. கேட்-ஜியின் 315-ஆம் இடம் என்றால், அளவைக் கூட்டினாலும் பெட்டி திறப்பது கடினம். ஐசோனியசிட்டுக்கு மட்டும் அடங்காத நோய்க்கு, அதை விலக்கி லெவோஃப்ளாக்சசின் சேர்த்த வேறொரு மருந்துத் தொகுப்பு இப்போது கொடுக்கப்படுகிறது. இந்நோயும் குணமாகக் கூடியதே. நேரத்தில் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நம்மால் ஆவது

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, முடிச்சூர், சேலையூர் பகுதிகளில் கட்டட வேலைக்கும், தோல் பட்டறைக்கும், வீட்டு வேலைக்கும் செல்கிறவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு மாத்திரை இலவசம். ஆனால் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது. சிறுநீர் செந்நிறமாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் இல்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். கை கால் எரிச்சல் வந்தால், ஐசோனியசிட்டோடு பி-6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். கண் மஞ்சளித்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை நின்றுபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு காரணங்களால்தான்.

நீங்கள் அனுப்பும் உதவி ஒருவருடைய பேருந்துக் கட்டணமாகவும், காலை உணவாகவும், வராத நோயாளியின் வீட்டைத் தேடிச் செல்லும் ஊழியரின் பயணப் படியாகவும் ஆகும்போது, மேலே சொன்ன கணக்கில் அது நேராகப் போய்ச் சேருகிறது. அந்த நூறு கிருமிகள் நூறாகவே மடிவதும், நூறு கோடியாகிப் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தொற்றுவதும், விடுபட்ட சில வாரங்களைப் பொறுத்திருக்கக்கூடும்.

உங்கள் தெருவிலோ சபையிலோ இரண்டு வாரங்களுக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், அவர் இருமலைக் கேட்டு விலகிப் போகாமல், இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்றா என்று கேளுங்கள். அவர் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனையும், தேவையானால் நோய் வராமல் தடுக்கும் மாத்திரையும் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தடுப்பு மாத்திரையிலும் பெரும்பாலும் இருப்பது ஐசோனியசிட்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் மக்களைக் காத்துவரும் இந்த மலிவான மாத்திரை நம் பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டுமானால், கிருமியின் அந்தக் குறுகிய வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடங்கிய சிகிச்சையை ஒவ்வொருவரும் முடிப்பதே அதற்கு வழி.